இறுதியாட்டம் வீட்டில்: டிஷ்ஷா, டேட்டாவா, திரையா?

வன்னியில் உலகக் கிண்ண உதைபந்தாட்ட இறுதியாட்டத்தைக் குடும்பமாகப் பார்க்க மூன்று வழி உண்டு: டிஷ் பூட்டிய வீட்டு ரீவி, போனில் டேட்டா, சனசமூக நிலையத்து முற்றத்தில் புரொஜெக்டர்த் திரை. நான் வீட்டு ரீவியின் பக்கம். எதில் படம் பெரிது, எதில் செலவு குறைவு என்பது எல்லோருக்கும் தெரிந்தது. பெனால்டி வரைக்கும் எது தாங்கும் என்பதைத்தான் பார்க்க வேண்டும். அதைத் தீர்மானிப்பது கரண்ட்.

முதலில் நேரம். 2018 மொஸ்கோ, 2022 லுசைல் இறுதியாட்டங்கள் இரண்டும் எங்களுக்கு இரவு 8.30க்குத் தொடங்கின. 2014 ரியோ ஆட்டம் நள்ளிரவு 12.30க்கு. 2026க்குக் குறித்திருப்பதும் அதே மாதிரித்தான்: நியூ ஜேர்சியில் ஜூலை 19 பிற்பகல் 3 மணி என்றால் இங்கே ஜூலை 20, திங்கள் அதிகாலை 12.30. கூடுதல் நேரமும் பெனால்டியும் வந்தால் ஆட்டம் 2 மணி 50 நிமிடம் போகும். முடியும்போது மணி மூன்றரையை நெருங்கிவிடும்.

8.30 ஆட்டத்துக்குத் திரை அருமை, அதை மறுக்கமாட்டேன். ஊரே சேர்ந்து கத்தும் சத்தத்தை எந்த ரீவியும் தராது. ஆனால் 12.30 ஆட்டத்துக்கு அம்மம்மாவையும் சின்னப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய், ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் யானை நடமாடும் ரோட்டில் விடியச் சாமம் திரும்பி வருவது சரிவராது. விறாந்தையில் பாய் விரித்தால் இடைவேளைக்குள் தூங்கிவிடும் பிள்ளை அங்கேயே தூங்கும், நுளம்பு வலையை மேலே போட்டால் போதும். திரை கட்டுகிறவர்கள் ஜூலையில் சோளகக் காற்றை மறக்கக் கூடாது. மேல் முனைகளை மட்டும் கட்டினால் துணி பாய்மரம் போல ஊதி, கோல் அடிக்கும் நேரத்தில் பந்து வளைந்து தெரியும். கீழ் முனைகளையும் பக்கங்களையும் இழுத்துக் கட்ட வேண்டும். மண்டபத்துக்குரிய விளக்குப் புரொஜெக்டர் 200 முதல் 300 வாட் இழுக்கும், ஸ்பீக்கர் வேறு. அதற்கு ஜெனரேட்டர்தான் பொருந்தும். பத்துக் குடும்பம் பெற்றோல் காசைப் பங்கு போட்டால் கட்டுப்படியாகும்.

போன் வழிக்கு ஒரு நல்ல பக்கம் உண்டு: 12.30 ஆட்டமென்றால் இரவு டேட்டாவிலேயே பார்க்கலாம். 720 தரத்தில் மணிக்கு ஒன்று முதல் ஒன்றரை ஜிபி, முழு ஆட்டத்துக்கு நான்கு ஜிபி என்று வையுங்கள். குறை இரண்டு. ஊர் முழுக்க ஒரே டவரில் ஏறும்போது படம் கட்டம் கட்டமாக உடையும். அதோடு, இணையத்தில் வரும் படம் டிஷ்ஷை விட அரை நிமிடமோ கூடவோ பிந்தி வரும். பக்கத்து வீட்டில் டிஷ் இருந்தால் அவர்கள் கத்திய பிறகுதான் உங்கள் போனில் பந்து கோலுக்குக் கிட்டப் போகும். பைபர் இழுத்த டவுன் வீடுகளில் படம் உடைவது குறைவு, அங்கே இதே கணக்கைச் சொல்லமாட்டேன்.

டிஷ்ஷின் எதிரி மழை. கறுத்த மழை மேகம் குறுக்கே வந்தால் சிக்னல் போய்விடும், மேகம் கடந்ததும் வரும். மாரியில் டிசம்பர் ஆட்டத்துக்கு இது பெரிய தலைவலி, ஜூலையில் அவ்வளவு இல்லை. ஜூலையில் காற்றும் குரங்கும்தான் டிஷ்ஷைத் திருப்பும். ஒரு கிழமைக்கு முன்பே மெனுவில் சிக்னல் தரத்தைப் பாருங்கள். வழக்கத்தை விடக் குறைந்திருந்தால் டிஷ் பார்க்கும் பக்கம் முருங்கையோ மாங்கொப்போ வளர்ந்திருக்கிறதா என்று பார்த்து வெட்டுங்கள், பின்னால் உள்ள நட்டை இறுக்குங்கள். அதற்கும் சரிவராவிட்டால் டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் தலையில் கேபிள் முறுக்கும் இடத்தைக் கழற்றிப் பாருங்கள். நடுச் செம்புக் கம்பி பச்சை பூத்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. பழுதான துண்டை வெட்டிவிட்டுப் புதிய முனை போட்டு, றப்பர் டேப் சுற்றி, கேபிளை ஒரு வளையமாகத் தொங்கவிட்டால் மழைத் தண்ணீர் அந்த வளையத்தின் அடியிலேயே சொட்டிவிடும். முல்லைத்தீவுக் கரையோரத்தில் உப்புக் காற்றால் இந்த வேலை அடிக்கடி வரும். எந்தச் சனலில் ஆட்டம் வருகிறது, உங்கள் பக்கேஜில் அது இருக்கிறதா என்பதையும் அந்தக் கிழமையே பார்த்து றீலோட் பண்ணிவிடுங்கள்.

இனி கரண்ட். 32 அங்குல எல்ஈடி ரீவிக்கு ஏறக்குறைய 50 வாட், டிஷ் பெட்டிக்கு 15, ஒரு பல்புக்கு 10. மொத்தம் 75. 12 வோல்ட் 100 ஏஎச் (ஆம்பியர்மணி) ஈய அமிலப் பற்றரியில் 1200 வாட்மணி இருந்தாலும், பாதிக்குக் கீழே இறக்கினால் பற்றரி கெடும். இன்வேட்டர் தின்பதையும் கழித்தால் கையில் மிஞ்சுவது 500. அது ஆறரை மணி நேரத்துக்குக் காணும். ஆனால் புழுக்கத்துக்கு 60 வாட் ஃபான் ஒன்றையும் கொழுவினால் 3 மணி 40 நிமிடம்தான், அதுவும் புதுப் பற்றரியில். நாலைந்து வருடப் பற்றரி சார்ஜ் பிடிக்கும் திறனில் நாற்பது வீதம் இழந்திருந்தால் மிஞ்சுவது 300 வாட்மணி, ஃபானோடு 2 மணி 13 நிமிடம். 2022 போல ஒரு ஆட்டத்தில் தொடக்கத்திலேயே கரண்ட் போனால் கூடுதல் நேரத்தின் முதல் பாதியிலேயே ரீவி அணைந்துவிடும். மெஸ்ஸியின் 108ஆவது நிமிடக் கோலும் இல்லை, எம்பாப்பேயின் 118ஆவது நிமிடப் பெனால்டியும் இல்லை, 4-2 என்று முடிந்த பெனால்டிகளும் இல்லை. அதே பற்றரியை ஃபான் இல்லாமல் ஓட்டினால் நான்கு மணி நேரம் போகும். ஆகவே கரண்ட் போனால் முதலில் ஃபானை நிறுத்துங்கள், விசிறி மட்டை போதும்.

டிராக்டர் பற்றரியைக் கழற்றிக் கொழுவுகிறவர்கள் உண்டு. ஒரு இரவுக்கு ஓடும். ஆனால் அது எஞ்சினை ஸ்டார்ட் பண்ணவென்று செய்த பற்றரி, ஆழமாக இறக்கினால் தகடு கெட்டு, விடிய டிராக்டர் ஸ்டார்ட் ஆகாது. சோதித்துப் பார்ப்பதை ஆட்ட நாளுக்கு மூன்று நாள் முன்பு செய்யுங்கள்: பற்றரியை முழுக்க ஏற்றி, மெயினை நிறுத்தி, ரீவியையும் பெட்டியையும் மூன்று மணி நேரம் ஓட விடுங்கள். இன்வேட்டர் கத்தத் தொடங்கினால் எத்தனையாவது நிமிடம் என்று எழுதி வையுங்கள். பற்றரியைப் பிள்ளைகள் படுக்கும் இடத்தில் வைக்க வேண்டாம், ஏறும்போது எரியக்கூடிய வாயு வரும். ஜெனரேட்டர் என்றால் விறாந்தையிலும் கூடாது, புகை வீட்டுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து.

கரண்ட் போய் இன்வேட்டருக்கு மாற்றும் நேரத்தில் டிஷ் பெட்டி அணைந்தால் மறுபடி படம் வர ஓரிரு நிமிடம் எடுக்கும். கொம்பியூட்டருக்கு வைக்கும் சின்ன யூபிஎஸ் ஒன்றை இடையில் கொழுவினால் அந்த இடைவெளி தெரியாது. கரண்ட் திரும்பி வந்தாலும் உடனே மெயினுக்கு மாற வேண்டாம். முதல் சில நிமிடம் வோல்டேஜ் கூடிக் குறையும், ரீவியின் பவர் போர்ட் அடிபடுவது அப்போதுதான். விசில் ஊதும் வரை பற்றரியிலேயே ஓடட்டும்.