புதிதாக டீம் லீட் ஆனவர்களுக்கு ஒரே ஒரு புத்தகம்: ஆண்டி குரோவின் 'ஹை அவுட்புட் மேனேஜ்மென்ட்'

தன்முன்னேற்றம், தலைமைப் பண்பு என்று பலகை மாட்டிய அலமாரியில் இன்று வருகிற புத்தகங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன. அதிகாலையில் எழு, இலக்கை எழுதி வை, உன்னை நம்பு. எதுவும் தப்பில்லை. ஆனால் நேற்று வரைக்கும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வேலை பார்த்தவரை இன்று எட்டு பேருக்கு லீட் என்று அறிவித்துவிட்டால், திங்கட்கிழமை காலையில் அவர் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அந்த அலமாரியில் பதில் கிடைப்பது அபூர்வம். நம் ஊர் கம்பெனிகளில் இதுதானே வழக்கம், நன்றாக வேலை செய்கிறவரைப் பிடித்து மேலே உட்கார வைத்துவிடுவார்கள், ஆட்களை வைத்து வேலை வாங்குவது தனித் தொழில் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. என்னைக் கேட்டால் அப்படி உட்கார வைக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் முதல் நாளே கையில் கொடுக்க வேண்டியது 1983-ல் வந்த இந்தப் புத்தகம்.

எழுதியவர் ஆண்டி குரோவ். ஹங்கேரியின் புடாபெஸ்டில் யூதக் குடும்பத்தில் பிறந்து, சோவியத் ஆதிக்கத்துக்கு எதிரான 1956 எழுச்சி நசுக்கப்பட்ட சமயத்தில் நாட்டைவிட்டுத் தப்பி அமெரிக்கா போய், அங்கே ரசாயனப் பொறியியல் படித்து, 1968-ல் கம்ப்யூட்டர் சிப் செய்கிற இன்டெல் கம்பெனி ஆரம்பித்த காலத்திலிருந்தே அதில் இருந்தவர். 1987-ல் அதன் தலைமை நிர்வாகி ஆனார். புத்தகம் எழுதும்போது அந்தப் பதவிக்குக்கூட வரவில்லை, கம்பெனியை நடத்திக்கொண்டே எழுதியிருக்கிறார். அது ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. கம்பெனிகளை வெளியிலிருந்து பார்த்து எழுதிய எழுத்து இல்லை இது. தினமும் உற்பத்தி வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்த இன்ஜினியரின் எழுத்து.

ஆரம்பமே ஒரு காலை டிபன் கடைதான். மூன்று நிமிடம் வேகவைத்த முட்டை, வெண்ணெய் தடவிய ரொட்டி, காபி. மூன்றும் சூடாக, ஒரே நேரத்தில் மேசைக்குப் போக வேண்டும். இதில் முட்டைக்குத்தான் அதிக நேரம் பிடிக்கும், அதனால் முட்டையை மையமாக வைத்து மற்ற வேலைகளைப் பின்னோக்கித் திட்டமிடு என்கிறார். கேட்க ரொம்பச் சாதாரணமாக இருக்கும். அதே கணக்கை அவர் இன்டெல்லின் கல்லூரி ஆள் எடுப்புக்குக் கொண்டுபோகும்போதுதான் இதன் வீச்சு புரிகிறது. மாணவர்களை ஆலைக்கு வரவழைத்து நேர்காணல் செய்வதுதான் அங்கே ரொம்பச் செலவு பிடிக்கிற கட்டம், அதனால் அதற்கு முன்னாலேயே போனில் பேசி வடிகட்டிவிடு என்கிறார். கெட்ட முட்டையைக் கடைக்கு வந்து இறங்கும்போதே கண்டுபிடித்தால் நஷ்டம் ஒரு முட்டையோடு போகும், சாப்பிடுகிறவர் தட்டில் கண்டுபிடித்தால் வாடிக்கையாளரே போய்விடுவார். ஒரு அறிக்கையின் முதல் வரைவை முதலிலேயே வாங்கிப் பார் என்று அவர் சொல்வதற்கும் அடிப்படை இதே முட்டைதான்.

அடுத்து வருகிற கருத்துதான் புத்தகத்தின் முதுகெலும்பு. மேனேஜர் என்பவரின் விளைச்சல் அவர் தன் கையால் செய்கிற வேலை கிடையாது, அவருடைய குழு செய்து முடிக்கிற வேலையும், அவருடைய பேச்சும் யோசனையும் எட்டுகிற பக்கத்துக் குழுக்களின் வேலையும் சேர்ந்ததுதான். இதைப் படித்து முடித்ததும் நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருந்தேன், மெயிலுக்குப் பதில் போட்டேன், ஆறு மீட்டிங்கில் உட்கார்ந்தேன் என்பதெல்லாம் வேலைக் கணக்கில் சேராது என்று உறைக்கிறது. எந்த ஒரு மணி நேரம் குழுவின் பல மணி நேரங்களை நல்லதாக மாற்றுகிறது என்பது மட்டும்தான் கேள்வி.

இதற்கு அவர் தருகிற சிறந்த உதாரணம் நேருக்கு நேர் சந்திப்பு. இன்று எல்லா ஐடி கம்பெனியிலும் 'ஒன் ஆன் ஒன்' என்று காலண்டரில் ஒரு கட்டம் இருக்கிறது, பல இடங்களில் அது வேலை எவ்வளவு முடிந்தது என்று கேட்கிற பத்து நிமிடமாகச் சுருங்கிவிட்டது. குரோவ் சொல்வது வேறு. குறைந்தது ஒரு மணி நேரம் வேண்டும். அது கீழே வேலை செய்கிறவரின் சந்திப்பு, என்ன பேசுவது என்று அவர்தான் எழுதிக்கொண்டு வர வேண்டும், மேலே இருப்பவர் கேட்க வேண்டும், குறிப்பெடுக்க வேண்டும். அவர் பேசி முடித்துவிட்டார் என்று தோன்றும்போது இன்னொரு கேள்வி கேளுங்கள் என்கிறார். மனதில் இருக்கிற முக்கியமான விஷயத்தைப் பெரும்பாலும் எழுந்து போகிற நேரத்தில்தான் வெளியே விடுவார்கள், அதற்குத் தயாராக இருங்கள் என்றும் எச்சரிக்கிறார். நீங்கள் செலவழிக்கிற 90 நிமிடம் அவருடைய அடுத்த இரண்டு வார வேலையை, அதாவது 80 மணி நேரத்துக்கு மேலான வேலையை மேம்படுத்தும் என்பது அவர் கணக்கு.

இது நம் ஊரில் நடக்குமா என்ற சந்தேகம் எனக்கும் இருந்தது. "எல்லாம் ஓகே சார்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. சாஃப்ட்வேர் வெளியாவதற்கு முன்னால் அதில் பிழை தேடுகிற டெஸ்டிங் குழு ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன், அதில் ஒரு பெண்ணிடம் அப்படித்தான் பேச்சு நின்றது. வேறு என்னம்மா, ராத்திரி ரிலீஸ் நேரத்தில் ஏதாவது கஷ்டம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன். நோட்டை மூடிக்கொண்டு எழுந்தவர், "அது ஒண்ணு சார், கேப் ஒன்பது நாப்பதுக்குக் கிளம்பிடுது, அதை விட்டா பதினொன்றரைக்குத்தான். அதனால கடைசி செட் டெஸ்ட்டை மட்டும் கொஞ்சம் வேகமா ஓட்டிடறேன்" என்றார். ராத்திரி ரிலீஸ்களில் பில்லிங் பகுதியில் மட்டும் பிழை தப்பிப் போவது ஏன் என்று அதுவரை பெரிய ஆராய்ச்சியே நடந்துகொண்டிருந்தது. கடைசி செட் என்பது அந்த பில்லிங் பகுதிதான். அதை முதலில் ஓட்டும்படி வரிசையை மாற்றினோம், கேப் நேரத்துக்கும் பேசினோம், தீர்ந்தது. எந்த ரிப்போர்ட்டிலும் இது வந்திருக்காது.

ஆட்களுக்குப் பயிற்சி கொடுப்பது மேனேஜரின் சொந்த வேலை, வெளியாளிடம் விட்டுவிடக் கூடாது என்று ஒரு அத்தியாயம் இருக்கிறது. அதில் வருகிற கணக்கை மனப்பாடமாகவே வைத்திருக்கிறேன். நான்கு வகுப்பு எடுக்கிறீர்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று மணி நேரம் தயாரிப்பு, மொத்தம் 12 மணி நேரம். வகுப்பில் பத்து பேர், அவர்கள் அடுத்த வருடம் சுமார் 20,000 மணி நேரம் வேலை செய்வார்கள். உங்கள் வகுப்பால் அவர்கள் வேலை ஒரே ஒரு சதவீதம் மேம்பட்டால்கூட 200 மணி நேரம் லாபம். பயிற்சிக்கெல்லாம் எங்கே சார் நேரம் என்று கேட்கிறவர்களிடம் இந்த ஒரு பத்தியைக் காட்டினால் போதும்.

மீட்டிங் பற்றியும் இதே கறார்தான். ஆபீஸ் சாமானில் 2,000 டாலர் பொருளை ஒருவர் தூக்கிக்கொண்டு போக விடமாட்டோம், ஆனால் அதே மதிப்புள்ள மற்றவர்கள் நேரத்தை ஒருவர் ஒரே மீட்டிங்கில் தூக்கிக்கொண்டு போக விடுகிறோம் என்கிறார். வேலை செய்யாத ஒருவரைப் பற்றி அவர் வைக்கிற சோதனையும் உபயோகமானது: உயிர் போகிற நிலை என்றால் இந்த ஆளால் இந்த வேலையைச் செய்ய முடியுமா? முடியும் என்றால் குறை ஆர்வத்தில், முடியாது என்றால் குறை திறமையில். இரண்டுக்கும் மருந்து வேறு. அப்ரைசல் பற்றிய அத்தியாயத்தையும் ஹெச்ஆர் ஆட்கள் கட்டாயம் படிக்க வேண்டும். எழுதிய மதிப்பீட்டை நேரில் பேசுவதற்கு முன்னாலேயே அந்த ஊழியரிடம் கொடுத்துவிடுங்கள், தனியாகப் படித்து ஜீரணித்துவிட்டு வரட்டும் என்கிறார். எவ்வளவு மரியாதையான வழி!

குறைகளும் உண்டு. நடுவில் கம்பெனியின் அமைப்பு, ஒரே ஆள் இரண்டு பேருக்கு ரிப்போர்ட் செய்வது பற்றியெல்லாம் வருகிற அத்தியாயங்கள் பெரிய நிறுவனத்தின் உயர் அதிகாரிகளுக்கானவை, எட்டு பேர் குழுவை வைத்திருப்பவர் அங்கே மாட்டிக்கொண்டு புத்தகத்தையே மூடிவிட வாய்ப்பு இருக்கிறது. மனிதனின் தேவைகளைச் சாப்பாட்டிலிருந்து மேலே மேலே அடுக்கிக் காட்டுகிற, உளவியலாளர் மாஸ்லோவின் தேவைகள் பிரமிடை வைத்து ஊக்கம் பற்றி எழுதியதும் இன்று படிக்கும்போது பள்ளிப் பாடம் மாதிரி இருக்கிறது. அப்புறம், எனக்கு உண்மையிலேயே உறுத்துவது, மேலே இருப்பவரிடம் எதையும் பேசலாம் என்ற சூழலை இவர் ஏற்கனவே இருப்பதாக எடுத்துக்கொண்டு எழுதுகிறார். யார் வேண்டுமானாலும் எதிர்க்கருத்து சொல்லலாம், முடிவு எடுத்த பிறகு எல்லோரும் சேர்ந்து தோள் கொடுக்க வேண்டும் என்பது அருமையான முறைதான். ஆனால் எதிர்க்கருத்து சொன்னால் அப்ரைசலில் கை வைத்துவிடுவார்கள் என்று பயப்படுகிற இடத்தில் முதல் பாதி நடக்கவே நடக்காது, இரண்டாம் பாதி மட்டும் நடக்கும். அந்தப் பயத்தை எப்படிப் போக்குவது என்று இன்னும் ஒரு அத்தியாயம் அவர் எழுதியிருக்கலாம்.

நான் படித்தது ஆங்கிலப் பதிப்பு. அலங்காரம் இல்லாத, நேரான ஆங்கிலம், 300 பக்கத்துக்குள்தான். அச்சுப் புத்தகமாகவே வாங்குங்கள், அட்டவணைகளும் வரைபடங்களும் இருக்கின்றன, போன் திரையில் படிக்க முடியாது. ஊக்கம் தேடுகிறவர்கள், மனது சோர்ந்திருக்கிறது தேற்றிக்கொள்ள ஏதாவது வேண்டும் என்பவர்கள் இதை எடுக்க வேண்டாம், கிடைக்காது. பத்து பேரை வைத்துக் கடையோ பிரஸ்ஸோ பட்டறையோ நடத்துகிறவர்களுக்கு ஐடி ஆட்களைவிட இது அதிகமாகவே பயன்படும் என்பேன், ஏனென்றால் டிபன் கடைக் கணக்கு அவர்களுக்கு உடனே பிடிபடும்.

கடைசியில் வீட்டுப்பாடம் மாதிரி ஒரு பட்டியல் கொடுத்து, ஒவ்வொரு வேலைக்கும் மதிப்பெண் போட்டிருக்கிறார், 100 மதிப்பெண்ணுக்குச் செய்து முடித்தாலே நீங்கள் தெளிவாக மேம்பட்ட மேனேஜர் என்று உறுதி சொல்கிறார். முழுப் புத்தகத்தையும் முடித்துவிட்டுத்தான் அதற்கு வர வேண்டும் என்று இல்லை. முதலில் மீட்டிங் அத்தியாயத்தில் நேருக்கு நேர் சந்திப்புப் பகுதியைப் படியுங்கள், அடுத்து பயிற்சி, அதன் பிறகு முட்டைக்குத் திரும்புங்கள். பட்டியலில் நேருக்கு நேர் சந்திப்பு பற்றி வருகிறதை மட்டும் இந்த வாரமே தொடங்கிவிடுங்கள்.