குடியாத்தம் முதல் மெல்பர்ன் வரை: விமானச் சீட்டின் உண்மையான விலை

விமான நிலையம் இல்லாத மாவட்டத்துக்காரர்களுக்கு விமானக் கட்டணம் மீனம்பாக்கத்தோடு முடிந்துவிடுவதில்லை. மெல்பர்னில் உட்கார்ந்து கைப்பேசியில் தேடும்போது முதலில் வந்து நிற்கும் மலிவான சீட்டு, பெட்டிக்குத் தனிக்கட்டணம், நள்ளிரவில் இறங்கி ஊர்போய்ச் சேரும் வாடகை, தேதி மாற்றினால் வசூலிக்கப்படும் அபராதம் ஆகியவற்றையும் கூட்டிப் பார்த்தால், பட்டியலில் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ இருந்த சீட்டைவிட அதிகமாகிவிடுவது வழக்கம். இந்த முறை வேலூர் மாவட்டத்துக் குடியாத்தத்துக்கு வந்தபோது, என் சீட்டை மெல்பர்னிலேயே வாங்கிக்கொண்டு வந்தேன். அம்மாவையும் அக்கா குடும்பத்தையும் மெல்பர்னுக்கு அழைத்துச் செல்வதற்கான சீட்டுகளை வேலூரில் ஒரு டிராவல்ஸ் அலுவலகத்தில் எடுத்தேன். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்ததில் தெரிந்துகொண்டவற்றை, எங்கள் பக்கத்திலிருந்து வெளிநாடு சென்றிருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

மெல்பர்னிலிருந்து சென்னைக்கு நேரடி விமானம் கிடையாது. பெரும்பாலும் சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு ஆகிய மூன்றில் ஒன்றில் மாறித்தான் வருகிறோம். எங்கும் காத்துக் கிடக்காமல் வர வேண்டும் என்பவர்கள் சிங்கப்பூர் வழியாகவும், காசு பார்ப்பவர்கள் மற்ற இரண்டு வழிகளிலும் வருவது பொதுவான போக்கு. ஆனால் இது மாதத்துக்கு மாதம் மாறக்கூடியது என்பதால், ஒரு நிறுவனத்தையே மனத்தில் வைத்துக்கொண்டு தேடுவது வீண். பெங்களூரையும் தேடலில் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் நம் பக்கத்தவர்கள் பலர் செய்யாத காரியம். சிட்னியிலிருந்து பெங்களூருக்கு குவான்டாஸ் 2022-இல் நேரடிச் சேவையைத் தொடங்கியது. வேலூரிலிருந்து சென்னை ஏறக்குறைய 140 கிலோமீட்டர், பெங்களூர் 210 கிலோமீட்டர். ஆம்பூர், வாணியம்பாடி, திருப்பத்தூர் ஆகிய ஊர்களுக்குச் சென்னையைவிடப் பெங்களூர்தான் நெருக்கம். ஆனால் தேவனஹள்ளியில் உள்ள விமான நிலையம் பெங்களூர் நகரத்துக்கு வடக்கே வெகுதூரம் தள்ளி இருக்கிறது. காட்பாடியிலிருந்து மூன்று மணி நேரத்தில் பெங்களூரைத் தொட்டுவிடும் ரயில்கள் இருந்தாலும், அங்கே இறங்கி வாயு வஜ்ரா பேருந்தைப் பிடித்து நெரிசலில் போய்ச் சேரும் நேரத்தையும் கணக்கில் வைக்க வேண்டும். எனவே சீட்டு விலையில் கணிசமான வித்தியாசம் இருந்தால் ஒழிய, குடியாத்தத்துக்காரனுக்குச் சென்னைதான் மேல் என்பது என் முடிவு. திருப்பதி விமான நிலையம் தூரத்தில் நெருக்கம். ஆனால் அங்கே உள்நாட்டு விமானங்கள்தான் வருகின்றன. வேலூரை அடுத்த அப்துல்லாபுரத்து விமான ஓடுதளம், சிறு ஊர்களுக்கு விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் சேர்க்கப்பட்டுச் சீரமைக்கப்பட்டதைப் பல ஆண்டுகளாகச் செய்தித்தாளில் படித்துக்கொண்டிருக்கிறோம். அதை நம்பி யாரும் சீட்டு எடுத்துவிட வேண்டாம்.

இறங்கும் நேரம் என்பது பலர் கவனிக்காத செலவு. சென்னைக்கு வெளிநாட்டு விமானங்கள் பல நள்ளிரவை ஒட்டியோ விடியலுக்கு முன்போ வந்திறங்குகின்றன. அந்த நேரத்தில் குழந்தைகளோடும் பெட்டிகளோடும் இருப்பவர் டிராப் டாக்சியைத்தான் நாட வேண்டியிருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர், வாலாஜா, பள்ளிகொண்டா என்று சுங்கச்சாவடிகளைக் கடந்து 150 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும் என்பதால், சீட்டில் மிச்சம் பிடித்த தொகையில் பாதி அங்கேயே கரைந்துவிடும். விடியற்காலை நான்கு மணியை ஒட்டி இறங்கும் விமானம் கொஞ்சம் விலை கூடுதலாக இருந்தாலும், தனியாக வருபவருக்கு அதுவே லாபம். குடியேற்றச் சோதனை முடித்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வருவதற்குள் ஐந்து மணிக்கு மெட்ரோ தொடங்கிவிடுகிறது. விமான நிலையத்திலிருந்து சென்ட்ரலுக்கு மாறாமல் ஒரே வண்டியில் போகலாம். அங்கிருந்து கோவை எக்ஸ்பிரஸ் போன்ற காலை வண்டி ஒன்றில் முன்பதிவு செய்திருந்தால், வெயில் ஏறுவதற்குள் காட்பாடியில் இறங்கிக் குடியாத்தம் பேருந்தில் உட்கார்ந்துவிடலாம். விமானம் தாமதமானால் ரயில் சீட்டு வீணாகும் என்பது உண்மை. அந்த நஷ்டம் டாக்சி வாடகைக்கு முன் ஒன்றுமே இல்லை.

எப்போது வருவது என்பது எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி. ஆஸ்திரேலியாவில் டிசம்பர் கடைசி வாரங்களும் ஜனவரியும் கோடைப் பள்ளி விடுமுறை. கிறிஸ்துமசும் பொங்கலும் அதற்குள்ளேயே வந்துவிடுகின்றன. ஊரைப் பார்க்க நினைக்கும் எல்லோரும் ஒரே விமானத்தில் ஏற முண்டியடிக்கும் அந்த ஆறு வாரங்களில், எவ்வளவு திறமையாகத் தேடினாலும் மலிவான சீட்டு என்று ஒன்று இருக்காது. இருப்பவற்றில் விலை குறைந்தது என்ற ஒன்றுதான் இருக்கும். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இல்லாதவர்களுக்கு என் பரிந்துரை மே மாதம். அக்னி நட்சத்திரம் என்று எல்லோரும் பயமுறுத்துவார்கள். வேலூர் வெயில் பொய்யும் சொல்லாது. ஆனால் வைகாசி முதல் நாள் எங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அந்தப் பருவத்தில் மெல்பர்னில் பள்ளிகள் நடந்துகொண்டிருப்பதால் இந்தப் பக்கம் வருவோர் குறைவு. ஊரின் மிகப் பெரிய திருவிழாவும் குறைந்த கட்டணமும் ஒரே சமயத்தில் வாய்ப்பது எல்லா ஊருக்கும் கிடைக்கும் அதிர்ஷ்டம் அன்று.

இதே மே மாதம் சென்னையிலிருந்து புறப்படுவோருக்கு விடுமுறைக் காலம் என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். போய்வரும் சீட்டின் கட்டணம் எந்த ஊரில் பயணம் தொடங்குகிறதோ அந்த ஊரின் கிராக்கியைப் பெரிதும் சார்ந்தது. மெல்பர்னில் தொடங்கிச் சென்னை வந்து திரும்பும் சீட்டும், சென்னையில் தொடங்கி மெல்பர்ன் போய்த் திரும்பும் சீட்டும் ஒரே விமானங்களில், ஒரே இருக்கைகளில் இருந்தாலும் ஒரே விலையில் இருப்பதில்லை. அம்மாவின் பயணம் சென்னையில் தொடங்குவதால், அந்தச் சீட்டை நான் மெல்பர்னிலிருந்தே எடுத்துவிட்டு வராமல், சென்னைக் கிராக்கியை அறிந்தவர்களிடம் ஊரில் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டதற்கு இது ஒரு காரணம்.

மற்றொரு காரணம் வேலூர் டிராவல்ஸ்காரர்களின் அனுபவம். 1900-இல் அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் தொடங்கிய சிறு மருத்துவமனை இன்று சி.எம்.சி. என்னும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்து, வங்காளம், ஜார்க்கண்ட், அசாம், திரிபுரா, வங்கதேசம் என்று நெடுந்தூரத்திலிருந்து நோயாளிகளை வரவழைத்துக்கொண்டிருக்கிறது. அவர்களுக்காகவே காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் லாட்ஜுகளுக்கு நடுவே டிராவல்ஸ் கடைகள் வரிசை கட்டி நிற்கின்றன. பலகைகளில் தமிழுக்கு முன்பாக வங்க எழுத்து இருக்கும். நான் போன கடையில் ஒரு சிறிய மேசை, இரண்டு கணினி, சுவரில் கல்கத்தா ரயில்களின் நேர அட்டவணை, அவ்வளவுதான். மேசைக்குப் பின்னால் இருந்த பெண்மணிக்கு முப்பத்தைந்து வயதிருக்கலாம். எனக்கு முன்னால் நின்ற பெரியவரிடம் சரளமான வங்காளியில் பேசிக்கொண்டிருந்தார். மருத்துவர் எப்போது ஊருக்குப் போகச் சொல்வார் என்று தெரியாத நோயாளிக்குப் போய்வரும் சீட்டைத் தலையில் கட்டாமல், உள்நாட்டு விமானங்களில் இருவழிச் சீட்டுக்கு என்று பெரிய தள்ளுபடி இல்லாததால் ஒருவழியாக எடுங்கள், திரும்பும் நாள் முடிவானதும் வாருங்கள் என்று அவர் சொல்லி அனுப்பியதைக் கேட்டதும் எனக்கு நம்பிக்கை வந்தது. வெளிநாட்டுப் பயணத்தில் இதே கணக்கு தலைகீழாகும். பெரிய நிறுவனங்களில் ஒருவழிச் சீட்டு, போய்வரும் சீட்டின் பாதியைவிட மிக அதிகமாக இருப்பதுண்டு, சில சமயம் முழுத் தொகையையே தாண்டிவிடும்.

எங்கள் தேவை நான்கு சீட்டுகள்: அம்மா, அக்கா, மாமா, அக்கா மகள். இணையத்தில் நான்கு பேருக்கு என்று தேடியபோது தலைக்கு வந்த தொகையைச் சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் கருப்புத் திரை ஒன்றைத் திறந்து, எனக்குப் புரியாத சுருக்கெழுத்துக் கட்டளை ஒன்றைத் தட்டினார். ஒவ்வொரு விமானத்துக்கும் எதிரே எழுத்தும் எண்ணுமாக ஒரு வரிசை வந்தது: ஒய் 9, பி 9, எம் 9, கே 4, கியூ 2 என்கிற மாதிரி. ஒரே வகுப்பின் இருக்கைகளை நிறுவனம் இப்படிப் பல விலைக் கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்தைக் கொடுத்திருக்கிறது. எண் என்பது அந்த விலையில் மீதமுள்ள இருக்கை. ஒன்பது என்றால் ஒன்பதோ அதற்கு மேலோ. திரையின் மேல் பேனா முனையை வைத்து அவர் சொன்னது இது: “சார், கியூவில ரெண்டு சீட்டுதான் இருக்கு. நீங்க நாலு பேருன்னு கேட்டா, நாலு பேருக்கும் சேர்ந்தாப்ல எங்க கிடைக்குதோ அந்த ரேட்டுதான் வரும். ரெண்டு ரெண்டா பிரிச்சுப் போட்டுக்கலாமா?”

பிரித்துப் போட்டதில் இரண்டு பேருக்குக் கட்டணம் குறைந்தது. இதை வீட்டிலிருந்தே யாரும் சோதித்துப் பார்க்கலாம்; கூகுள் ஃபிளைட்ஸிலோ ஸ்கைஸ்கேனரிலோ முதலில் ஒருவருக்கு, பிறகு இருவருக்கு, பிறகு எல்லோருக்கும் என்று தேடினால் விலை எந்த இடத்தில் துள்ளுகிறது என்பது தெரிந்துவிடும். செவ்வாய்க்கிழமை வாங்கினால் மலிவு, உலாவியை மறைநிலையில் வைத்தால் மலிவு என்று உலவும் யோசனைகளைவிட இந்தக் கணக்குப் பயன் தருவது. பிரித்து எடுப்பதில் ஒரு சங்கடமும் உண்டு. முன்பதிவு எண் இரண்டாகிவிடுவதால், விமானம் ரத்தானால் குடும்பத்தை இரு வேறு விமானங்களில் ஏற்றிவிடும் வாய்ப்பு இருக்கிறது. அதற்காக ஒரு பதிவில் மற்றதின் எண்ணைக் குறிப்பாக ஏற்றச் சொன்னார் அந்தப் பெண்மணி. அம்மாவை அக்காவோடு சேர்த்தே ஒரு பதிவில் வைத்தார். அம்மாவுக்குச் சக்கர நாற்காலியும் அப்போதே கேட்டு வைத்தாயிற்று. அதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் முன்கூட்டியே சொல்லாவிட்டால் மாறும் விமான நிலையத்தில் காத்திருக்க நேரும்.

அடுத்த அரை மணி நேரம் முழுக்கப் பெயருக்கே போனது. நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. கடவுச்சீட்டில் ஒருவருக்குத் தந்தை பெயர் குடும்பப் பெயராக இருக்கும், ஒருவருக்கு அந்தக் கட்டமே காலியாக இருக்கும், ஒருவருக்கு ஊர்ப் பெயரும் சேர்ந்து மூன்று சொல்லாக நீளும். எங்கள் நால்வரிலேயே மூன்று வகையும் இருந்தன. விமான நிறுவனத்தின் படிவம் குடும்பப் பெயர் இல்லாமல் நகராது. காலியாக இருப்பவர்களுக்கு எதை எழுதுவது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுகிறது, சிலர் இட்ட பெயரையே இரண்டு முறை எழுதச் சொல்கிறார்கள். மலிவான சீட்டுகளில் பெயர்த் திருத்தம் எளிதாகக் கிடைக்காது. ஆகையால் அவர் கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக வாசிக்கச் சொல்லிச் சரிபார்த்த பிறகே பணத்தைக் கேட்டார். சேவைக் கட்டணமாக அவர் எடுத்துக்கொண்டது தலைக்குச் சில நூறு ரூபாய்.

அந்தச் சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் என் சித்தப்பா மகன் பட்ட பாட்டை இங்கே சொல்லத்தான் வேண்டும். தேடல் பட்டியலில் எல்லாவற்றுக்கும் கீழான விலையைக் காட்டிய ஓர் இணைய முகவரிடம் அவன் சீட்டு வாங்கினான். புறப்படும் நேரத்தை விமான நிறுவனம் மாற்றியபோது, இணைப்பு விமானத்துக்கு நேரம் போதாமல் போயிற்று. நிறுவனத்தைக் கேட்டால் முகவரிடம் போ என்றது. முகவரின் தொலைபேசியில் இசை மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தது. ஆகவே தேடுவதற்கு அந்தத் தளங்களைப் பயன்படுத்திக்கொண்டு, வாங்கும்போது நிறுவனத்தின் சொந்தத் தளத்துக்கோ, எதிரே போய் உட்காரக்கூடிய ஒரு முகவரிடமோ போவதே என் வழக்கமாக இருக்கிறது. இரண்டு மலிவு நிறுவனங்களின் தனித்தனிச் சீட்டுகளை நாமே இணைத்துக்கொள்வதும் இதே போன்ற ஆபத்துதான். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவதுக்குப் பொறுப்பேற்க ஆள் இல்லை. பெட்டியையும் நடுவில் எடுத்து மறுபடி கொடுக்க வேண்டும். அதற்காக அந்த நாட்டுக்குள் நுழைய விசா தேவைப்படலாம். வயதானவர்களை இப்படி அனுப்பவே கூடாது.

பெட்டியின் கணக்கும் முக்கியம். மலிவு விமானங்களில் கையில் எடுத்துச் செல்லும் 7 கிலோவோடு சரி. மற்றதற்குத் தனியாகப் பணம், அதையும் முன்பதிவின்போது கட்டாமல் விமான நிலையத்தில் கட்டினால் மிகவும் கூடுதல். முழுச்சேவை நிறுவனங்களில் பெரும்பாலும் 25 முதல் 30 கிலோ வரை கட்டணத்திலேயே அடங்கும். ஆம்பூர் தோல் செருப்புகள், மிளகாய்த்தூள், உறவினர் யாரோ இன்னொரு உறவினருக்குக் கொடுத்தனுப்பும் பொட்டலம் என்று திரும்பும்போது பெட்டி கனப்பது உறுதி என்பதால், ஊருக்கு வரும் வழிக்குக் குறைவாகவும் திரும்பிப் போகும் வழிக்கு அதிகமாகவும் எடை வாங்கிக்கொள்வது நல்லது. வெளிநாட்டு அட்டையில் ரூபாய் விலைச் சீட்டுக்குப் பணம் கட்டுகிறவர்கள், உங்கள் நாட்டுப் பணத்திலேயே கட்டுகிறீர்களா என்று திரை கேட்டால் மறுத்து ரூபாயையே தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையென்றால் மாற்று விகிதத்தில் ஒரு தொகை போய்விடும்.

சீட்டுகளை அச்சிட்டுக் கொடுக்கும்போது, தேதி மாற்றுவதாக இருந்தால் விமானம் புறப்படுவதற்கு முன்பே தகவல் சொல்லும்படியும், முதல் கட்டத்தில் ஏறாமல் விட்டுவிட்டால் மீதிக் கட்டங்கள் தாமாகவே ரத்தாகிவிடும் என்றும் அவர் அம்மாவிடமே விளக்கினார். அம்மா கேட்ட ஒரே கேள்வி, திரும்பி வரும் விமானம் சென்னையில் எத்தனை மணிக்கு இறங்கும் என்பது. விடியற்காலை நான்கேகால் என்றதும், அப்படியானால் கார் வேண்டாம், காட்பாடிக்கு ரயிலிலேயே வந்துவிடலாம் என்று மாமாவிடம் சொல்லிவிட்டார்.