கொடைக்கானல் டவுனா, மேல்மலையா, கீழ்மலையா?

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் பேருந்து ஊத்து என்ற இடத்தில் ஒரு நிமிடம் நிற்கும். முக்கால்வாசிப் பேர் தூக்கத்தில் இருப்பார்கள். மிச்சப் பேர் குமட்டலுக்குப் பயந்து எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருப்பார்கள். நாலைந்து பேர் மட்டும் பை, கூடையோடு இறங்கி, வலப்பக்கம் பிரியும் சாலையில் பண்ணைக்காடு வண்டிக்காக நிற்பார்கள். பல வருடம் அவர்களை ஜன்னல் வழியே பார்த்துவிட்டு நேராக மேலே போய்க்கொண்டிருந்தவன் நான். ஒரு தடவை அவர்களோடு இறங்கினேன். அதற்குப் பிறகு கொடைக்கானல் போவதைப் பற்றி யார் யோசனை கேட்டாலும் என்னால் ஒரே வரியில் பதில் சொல்ல முடிவதில்லை.

திண்டுக்கல் மாவட்டத்துப் பழனி மலையில் எங்கே போய்வந்தாலும் வெளியூர்க்காரர்களுக்கு அது கொடைக்கானல்தான். மலையில் குடியிருப்பவர்கள் பிரித்துப் பேசுவார்கள். டவுன் ஒன்று. அதற்கு மேற்கே பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை என்று நீளும் மேல்மலை ஒன்று. கிழக்கே பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பெரும்பாறை, பாச்சலூர் என்று இறங்கும் கீழ்மலை ஒன்று. பெயரைப் பார்த்து மேல்மலை டவுனைவிட உயரம் என்று நினைத்துவிட வேண்டாம். டவுன் சுமார் 2,100 மீட்டர்; பூம்பாறை அதைவிடக் கொஞ்சம் தாழ்வு. கீழ்மலை ஊர்கள் பெரும்பாலும் 1,000 முதல் 1,500 மீட்டருக்குள் வந்துவிடும். குளிரும் மழையும் மண்ணில் விளைவதும் அந்த இறக்கத்தில் ஆளே மாறியதுபோல் மாறிவிடும். மேலே பூண்டும் உருளையும் கேரட்டும். கீழே காப்பியும் மிளகும் வாழையும். டவுனில் விளைவது லாட்ஜ்.

கையில் இரண்டு நாள், கூட ஒரு குடும்பம். மூன்றில் எங்கே தங்குவது?

டவுனை மட்டம் தட்டுவது இப்போது ஒரு நாகரிகம். அதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. மதுரைக் கலெக்டராக இருந்த வியர் லெவிஞ்ச் 1863-இல் ஓடையை மறித்து உண்டாக்கிய ஏரி இன்றும் ஊரின் நடுவில்தான் இருக்கிறது. காலை ஆறரை மணிக்கு, குதிரைகளும் வாடகை சைக்கிள்களும் வருமுன் அதைச் சுற்றி நடந்தவர்கள் டவுனை அவ்வளவு சுலபமாகக் கைகழுவ மாட்டார்கள். 1899-இல் நிறுவப்பட்ட, சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கும் வானாய்வகம் இங்கே இருக்கிறது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909-இல் எவர்ஷெட் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தது இந்த மலை உச்சியில்தான். படிக்கிற பிள்ளைகள் இருந்தால் பில்லர் ராக்ஸ் பாறைகளுக்கு எதிரே பனிமூட்டத்தைப் பார்த்து நிற்கிற நேரத்தில் பாதியை அங்கே செலவழிக்கலாம். முழங்கால் வலிக்கிற பெரியவர்களைக் கூட்டிப்போனால், டாக்டரும் மருந்துக்கடையும் சமமான நடைபாதையும் உள்ள ஒரே இடம் டவுன். கோக்கர்ஸ் வாக் நடைபாதையில் என் பெரியம்மா கைத்தடியோடு நடந்து முடித்தார். பூம்பாறைத் தெருவில் அது நடக்காது.

டவுனின் குறை, அங்கே மலை விவசாயம் கண்ணில் படாது என்பது. பேரியும் பிளம்ஸும் தள்ளுவண்டியில் இருக்கும். மரத்தைத் தேட வேண்டும். கூட்டம் கூட்டமாகப் போய்ப் படம் எடுக்கும் பைன் காடும் ஆட்கள் நட்டு வளர்த்தது. அதற்கு முன் அப்படிப்பட்ட உச்சிகளில் இருந்தது புல்வெளியும் பள்ளத்துச் சோலையும். அந்தப் புல்வெளியில் பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூக்கிற குறிஞ்சி 2018-இல் பூத்தது, கணக்குப்படி இனி 2030. அதுவரை குறிஞ்சி ஆண்டவர் கோயில் பெயரில் மட்டும்தான் குறிஞ்சி. அந்தக் கோயிலை 1936-இல் கட்டியவர் இலங்கைத் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவி லீலாவதி. பிறப்பால் வெள்ளைக்காரர், சைவத்துக்கு வந்தவர். வானம் தெளிந்திருந்தால் கோயில் பின்புறத்திலிருந்து பழனி மலைக்கோயில் தெரியும். டவுனில் நான் தவறாமல் போகும் இடம் அது ஒன்றுதான்.

சனி, ஞாயிறு என்றால் டவுனைப் பற்றிப் பேச்சே வேண்டாம். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது, சொந்த வண்டியில் போகிறவர்கள் முன்கூட்டிப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதனால் நெரிசல் தீர்ந்துவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மேல்மலைக்கு வருவோம். டவுனிலிருந்து பூம்பாறை 18 கிலோமீட்டர். சாலையில் ஒரு வளைவு திரும்பியதும் ஊர் முழுக்கக் கீழே விரிந்து கிடக்கும். நடுவில் நெருக்கியடித்த வீடுகள், அவற்றைச் சுற்றிப் படிப்படியாக வயல்கள். ஒரு படி பச்சை, ஒரு படி செம்மண், அடுத்தது அறுவடை முடிந்த பழுப்பு. படம் எடுக்க எல்லாரும் இறங்கும் இடம் அது. எடுத்த கையோடு நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வண்டியைத் திருப்பிவிடுவார்கள். அங்கே பூண்டு உரித்துக்கொண்டிருந்த ஒரு அக்கா என்னிடம், "எல்லாரும் எங்க ஊர மேலேர்ந்து பாத்துட்டுப் போயிர்றாங்க தம்பி, உள்ள வந்தாத்தான ரெண்டு கிலோ பூண்டு விக்கும்" என்றார். நான் இறங்கி ஊருக்குள் போனதற்கு அவர்தான் காரணம்.

உள்ளே பார்க்க இரண்டு விஷயம். ஒன்று, குழந்தை வேலப்பர் கோயில். இந்த முருகனைச் செய்ததும் பழனி முருகனைச் செய்த சித்தர் போகர்தான் என்பது நம்பிக்கை. அருணகிரிநாதர் இங்கே படுத்திருந்தபோது அரக்கி ஒருத்தி வந்தாள். முருகன் குழந்தையாகப் பக்கத்தில் கிடக்கவும், தாயும் பிள்ளையும் என்று நினைத்து விட்டுவிட்டுப் போனாள். அதனால்தான் குழந்தை வேலப்பர் என்று ஊரில் கதை சொல்வார்கள். இரண்டாவது, பூண்டு. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆண்டுக்கு இரண்டு போகம். பல் சிறிது, காரமும் மணமும் அதிகம், பக்குவமாக வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. வீடுகளில் கட்டுக் கட்டாகத் தொங்கவிட்டுப் புகை காட்டி வைத்திருப்பார்கள்; தெருவில் நடந்தால் மூக்குக்குத் தெரியும். மொத்தச் சரக்கு பெரியகுளம் பக்கம் வடுகபட்டிச் சந்தைக்கு இறங்கிவிடும். டவுனில் 'மலைப்பூண்டு' என்று விற்பதெல்லாம் இந்த மலையில் விளைந்ததுதானா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. ஊருக்குள்ளேயே வாங்கிவிடுவது உத்தமம்.

பூம்பாறையைத் தாண்டினால் கூட்டம் வடிந்துவிடும். மன்னவனூர் டவுனிலிருந்து ஏறக்குறைய 35 கிலோமீட்டர். வனத்துறை அங்கே ஏரியில் பரிசல் விடுகிறது. அதைவிட எனக்குப் பிடித்தது பக்கத்தில் இருக்கும் மத்திய அரசின் ஆட்டு ஆராய்ச்சிப் பண்ணை. கம்பளிக்காக வளர்க்கும் பாரத் மெரினோ ஆடுகளும் முயல்களும் இருக்கின்றன. தென்தமிழ்நாட்டில் செம்மறியை வெயிலில் மட்டுமே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, பனிமூட்டத்தில் மொத்தக் கம்பளியோடு அவை நகர்வது வேறொரு தேசம்போல இருக்கும். கூக்காலும் கவுஞ்சியும் இன்னும் அமைதி. கிளாவரையோடு சாலை முடிந்துவிடுகிறது. அந்தப் பக்கம் கேரளத்து வட்டவடை. பார்க்கப் பக்கம், போகத்தான் வழியில்லை.

மேல்மலையின் சிக்கல் தங்குமிடம். படிவயல் படம் போட்டு 'பண்ணை வீடு' என்று விளம்பரம் செய்த ஒரு விடுதியில் முன்பணம் கட்டிப் போனேன். யூகலிப்டஸ் தோப்புக்குப் பின்னால் நாலு அறை, ஜன்னலைத் திறந்தால் இன்னொரு கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி. "வயல் எங்கேங்க?" என்றேன். "நடந்தா ஒரு கிலோமீட்டர் சார்" என்றார் பையன். இருட்டிய பிறகு காட்டுமாடு நடமாட்டம், வெளியே போக முடியாது. ஏழரைக்குச் சாப்பிட்டுவிட்டு இரண்டு கம்பளிக்குள் போய்விடுவதுதான். அங்கே சாயங்காலம் என்று ஒன்று இல்லை. மதியத்துக்குப் பிறகு நேராக ராத்திரி.

கீழ்மலையில் அந்தக் குறை கிடையாது. குளிர் மெத்தென்று இருக்கும். ராத்திரி எட்டு மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்து பேசலாம்.

ஆனால் அங்கே 'பாயிண்ட்' எதுவும் இல்லை. பெரும்பாறைப் பக்கம் புல்லாவெளி அருவி இருக்கிறது, தாண்டிக்குடிப் பகுதியில் பெருங்கற்காலக் கல்திட்டைகள் இருக்கின்றன. மற்றபடி இறங்கிப் பார்த்து, படம் எடுத்து, ஏறிப்போகிற ஊர் அல்ல இது. தோட்டத்துக்குள் நடக்க வேண்டும், அவ்வளவுதான். முதலில் வெறும் காடு என்றுதான் தோன்றும். மேலே சில்வர் ஓக், அதில் சுற்றி ஏறும் மிளகுக்கொடி, நிழலில் அராபிகா காப்பிச்செடி, இடையில் வாழை, ஓரத்தில் ஆரஞ்சு, பலா, பட்டர் ஃப்ரூட். ஒரே ஏக்கரில் ஐந்து மாடி. ஒன்றின் விலை விழுந்தால் இன்னொன்று கைகொடுக்கும் என்ற கணக்கு. மேல்மலையில் ஒரு போகம் பூண்டு விலை சரிந்தால் வீடே சரியும். கீழ்மலை விவசாயி முனகுவார், ஆனால் மிளகைக் காயவைத்துக்கொண்டே முனகுவார்.

கீழ்மலையின் பழைய பெருமை வாழை. விருப்பாட்சி மலைவாழைக்கு 2008-இலேயே புவிசார் குறியீடு வந்தது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு அந்தப் பழம்தான். நீர்ப்பற்று குறைவு, அதனால் தண்ணீர் சேர்க்காமல் பிசைந்து வைத்தாலும் கெடாது. முடிக்கொத்து நோய் வந்து தோட்டம் தோட்டமாக வாழையைக் காலி செய்தது. இலைகள் உச்சியில் விளக்குமாறுபோலக் குவிந்து நிற்கும், தார் வராது. அசுவினி பரப்பும் வைரஸ். மருந்தில்லை, வெட்டிப் போட வேண்டியதுதான். வாழை போன இடத்தில் பல தோட்டங்களில் காப்பியும் மிளகும் வந்து உட்கார்ந்தன. தடியன்குடிசையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. இந்த மலையின் விவசாயம் எவ்வளவு காலமாக ஆராய்ச்சிக்குரியதாக இருந்திருக்கிறது என்பது அந்தப் பெயர்ப்பலகைகளைப் பார்க்கும்போது புரியும்.

முருகன் இங்கேயும் உண்டு. தாண்டிக்குடியிலிருந்து தாண்டிக் குதித்துத்தான் பழனிக்குப் போனார், 'தாண்டிக்குதி' மருவித் தாண்டிக்குடி ஆயிற்று என்பார்கள். பாலமுருகன் கோயில் மேட்டிலிருந்து பார்த்தால் சுற்றிலும் மலை அடுக்கு. கூட்டம் என்று பெரிதாக இருக்காது.

பருவத்தையும் பார்த்துப் போக வேண்டும். டிசம்பர், ஜனவரியில் போனால் காப்பிப்பழம் பறிக்கிற நேரம். செடி முழுக்கச் சிவப்பு, களத்தில் காய்கிற வாசம். கோடை மழை ஒன்று அடித்துப் பத்து நாள் கழித்துப் போனால் காப்பிப்பூ. மல்லிகைத் தோட்டத்துக்குள் விட்டதுபோல மணக்கும், இரண்டு மூன்று நாளில் உதிர்ந்துவிடும். அந்த நாளைக் குறிவைத்துப் போக முடியாது, அமைந்தால் உண்டு. அக்டோபர், நவம்பர் மழையில் போனால் அட்டைக்கடி நிச்சயம், சாலை சரிந்து கிடந்தாலும் ஆச்சரியமில்லை. யானை நடமாட்டமும் உண்டு. இருட்டிய பிறகு பைக்கில் சுற்றுவது வீரம் ஆகாது. மேல்மலைக்கு மழை விட்ட பிறகு ஜனவரி, பிப்ரவரி நல்லது. காலையில் உறைபனி, பகலில் சுள்ளென்ற வெயில், வயலில் ஆள் இருப்பார்கள். மே மாதம் மூன்று இடத்துக்கும் பிள்ளைகளின் விடுமுறையை முன்னிட்டுத்தான் போக வேண்டும்.

சாப்பாட்டில் போட்டியே இல்லை. டவுனில் எல்லாம் கிடைக்கும், எதுவும் நினைவில் நிற்காது. மேல்மலையில் டீயும் பிரெட் ஆம்லெட்டும். பண்ணைக்காட்டில் ஒரு வீட்டில் அரைத்த மிளகு போட்டு நாட்டுக்கோழிக் குழம்பும் சௌசௌ கூட்டும் சாப்பிட்டேன். சௌசௌவுக்கு ருசி உண்டு என்று ஒப்புக்கொண்டது வாழ்க்கையில் அன்று ஒருநாள்தான்.

முதல் தடவை வருகிறவர்களும் வயதானவர்களோடு வருகிறவர்களும் டவுனிலேயே தங்கட்டும், திங்கள் முதல் வியாழனுக்குள். மறுநாள் விடிகாலையில் கிளம்பிப் பூம்பாறை, மன்னவனூர் போய் நாலு மணிக்குள் திரும்பிவிடலாம். மேல்மலைக்கு அந்த ஒரு பகல் போதும். ஏரியை ஏற்கெனவே பார்த்தவர்கள் கீழ்மலையில் இரண்டு ராத்திரி தங்கலாம், டவுனுக்கு ஏறவே வேண்டாம். பத்து வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருந்தால் மட்டும் யோசிக்க வேண்டும்: காப்பித் தோட்டம் அவர்களுக்கு அரை மணி நேரத்தில் சலித்துவிடும், மன்னவனூர் முயல்கள் சலிக்காது.

சொந்த வண்டி இல்லாதவர்களுக்கு ஒரு தகவல். தாண்டிக்குடிக்கு வத்தலக்குண்டிலிருந்து பேருந்து உண்டு. அதைத் தவறவிட்டால் கொடைக்கானல் வண்டியில் ஏறி, நடத்துனரிடம் ஊத்து என்று சொல்லி டிக்கெட் எடுங்கள். "கொடைக்கானல் இல்லையா?" என்று இன்னொரு தடவை கேட்பார்.