முன்னாள் படைவீரருக்கு இலவச வக்கீல்: நல்ல ஏற்பாட்டைக் கெடுக்கும் ஒரு சான்றிதழ்

தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு 2025 ஜூலை 26, கார்கில் வெற்றி நாளன்று ‘வீர் பரிவார் சகாயதா யோஜனா’வைத் தொடங்கியது. முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலேயே சட்ட உதவி மையம் என்பதுதான் திட்டம். அதிலிருந்து நண்பர்கள் கேட்பது ஒரே கேள்வி: இலவச வக்கீலை நம்பிப் போகலாமா? சட்ட உதவி எண்ணான 15100-க்கு எப்படிப் பேசுவது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும். இலவசம் என்றால் இங்கே நிஜமாகவே இலவசம். நீதிமன்றக் கட்டணம், சம்மன் செலவு, தட்டச்சு, சான்றிட்ட நகல் எல்லாம் அதில் அடங்கும். குழு வக்கீல், அதாவது ஆணைக்குழு தன் பட்டியலிலிருந்து அமர்த்தித் தரும் வக்கீல், உங்களிடம் தனியாகப் பணம் கேட்கக் கூடாது. கேட்டால் ஆணைக்குழுச் செயலாளருக்கு எழுத்தில் கொடுங்கள், ஆளை மாற்றித் தருவார்கள். எல்லையில் இருந்த காலத்தில் பங்காளி பட்டா மாற்றிக்கொண்டது, வேலியைத் தள்ளிப் போட்டது போன்ற நில வழக்குகளில் இந்த வக்கீல்களுக்கு நல்ல கைப்பழக்கம் உண்டு. தினமும் அதே நீதிமன்றத்தில் நிற்பவர்கள் அவர்கள். காசு கொடுத்துப் பிடித்த வக்கீலைவிடச் சுத்தமாக வாதுரை எழுதுபவர்களும் இருக்கிறார்கள்.

எரிச்சல் வாசலிலேயே இருக்கிறது. வருமானச் சான்றிதழ்.

1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 13(2)-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். வருமானம் பற்றி விண்ணப்பதாரர் தரும் உறுதிமொழிப் பத்திரமே போதும் என்று ஏற்கலாம். நம்ப முடியாத காரணம் இருந்தால்தான் மேலே விசாரிக்க வேண்டும். ஆனால் கவுண்டரில் கேட்பது தாசில்தார் சான்றிதழ்தான். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று மனு நகர்ந்து முடிவதற்குள் விண்ணப்பமே ஆறிப்போகிறது. விண்ணப்பம் வந்து ஏழு நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. சான்றிதழ் இல்லாமல் விண்ணப்பத்தையே வாங்காவிட்டால் அந்த ஏழு நாள் எங்கே தொடங்கும்?

அதைவிடக் கொடுமை, பல பேருக்கு வருமானக் கணக்கே தேவையில்லை. 12-ஆம் பிரிவின்படி பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. குடும்ப ஓய்வூதியத்துக்காக அலையும் விதவைத் தாயிடம் அந்தத் தாளைக் கேட்பதே தவறு. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அப்படியே. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை உள்ளவருக்கும் அப்படியே. ஒன்றைக் கவனியுங்கள்: ராணுவ மருத்துவக் குழு ரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ போட்ட சதவீதம் இந்த அட்டைக்கு ஈடாகாது. அந்தச் சதவீதம் மட்டும் உள்ளவர்கள் வருமான வரம்பு வழியாகத்தான் வர வேண்டும். தமிழ்நாட்டில் அது ஆண்டுக்கு 3 லட்சம். சிப்பாயாக ஓய்வு பெற்றவருக்குக்கூட ஓய்வூதியமும் அகவிலைப்படியும் சேர்ந்து அதைத் தாண்டிவிடலாம். விண்ணப்பிக்கும் முன் பன்னிரண்டு மாத வரவைக் கூட்டிப் பார்த்துவிடுங்கள்.

இந்தத் தாமதம் நில வழக்கை அவ்வளவாகப் பாதிக்காது. பணியால் வந்த நோய்க்கோ ஊனத்துக்கோ கேட்கும் ஊன ஓய்வூதிய வழக்கில் நேராகப் பணத்தை அரிக்கும். ஓய்வூதியம் மாதாமாதம் தொடரும் பாதிப்பு என்பதால் தாமதத்தை, படைவீரர் வழக்குகளை விசாரிக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் பெரும்பாலும் மன்னிக்கும். ஆனால் தர்செம் சிங் வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, நிலுவை என்பது மனுப் போட்ட நாளிலிருந்து பின்னோக்கி மூன்று ஆண்டுதான். மனு ஒரு மாதம் தள்ளினால் மறுமுனையில் ஒரு மாத நிலுவை கழன்றுவிடும். சான்றிதழுக்காகக் காத்திருந்த மாதங்களை யாரும் திருப்பித் தர மாட்டார்கள்.

அலுவலகத்தில் இருப்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. தணிக்கையில் ‘தகுதியில்லாதவருக்கு ஏன் கொடுத்தீர்கள்’ என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். ஒரு தாள் இருந்தால் நிம்மதி. அதற்காகச் சட்டம் கொடுத்த வழியை அடைக்கலாமா? ‘13(2)-இன் கீழ் உறுதிமொழிப் பத்திரம் இணைத்துள்ளேன்’ என்று விண்ணப்பத்திலேயே எழுதி, பதிவுத் தபாலிலோ ஆணைக்குழுவின் இணையதளத்திலோ அனுப்புங்கள். தேதி பதிவாகிவிடும். மறுத்தால் எழுத்தில் கேளுங்கள், மேல்முறையீட்டுக்கு அது வேண்டும்.

வக்கீல் கிடைத்த பிறகு வழக்கு தடுமாறுவதும் ஒரு தாளில்தான். டிஸ்சார்ஜ் புக்கும் பி.பி.ஓ. என்ற ஓய்வூதிய ஆணையும் போதாது, பணியிலிருந்து விடுவிக்கும்போது பரிசோதித்த விடுவிப்பு மருத்துவக் குழுவின் முழு நடவடிக்கைக் குறிப்புகள் வேண்டும். அதில் ‘பணியால் ஏற்பட்டதா? இல்லை. பணியால் தீவிரமடைந்ததா? இல்லை’ என்று இருக்கும். பக்கத்தில் காரணம் எழுத வேண்டிய கட்டத்தில் ஒற்றை வரி, சிலசமயம் அதுவும் இருக்காது. வழக்கின் உயிர் அந்தக் கட்டத்தில் இருக்கிறது. சேரும்போது நோய் இருந்ததாகக் குறிப்பு இல்லையென்றால், காரணம் காட்டாமல் மறுக்க முடியாது என்று தரம்வீர் சிங் வழக்கில் 2013-இல் தீர்ப்பாகியிருக்கிறது. 2023 செப்டம்பருக்குப் பின் ஓய்வு பெற்றவர்களுக்குப் புதிய தகுதி விதிகள் என்பதால் வாதம் மாறும். உங்கள் பணி ஆவணங்களை வைத்திருக்கும் ராணுவப் பதிவேட்டு அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்துடன் தகவல் உரிமை மனுப் போட்டால் 30 நாளில் நகல் வர வேண்டும். வக்கீல் கேட்கும் வரை காத்திருக்காதீர்கள்.

மாவட்டக் குழுவில் உள்ள வக்கீல்கள் எல்லோருக்கும் இந்தத் தீர்ப்புகள் பரிச்சயம் என்று சொல்ல முடியாது. குழுவில் இன்னார் வேண்டும் என்று விருப்பம் தெரிவிக்கலாம். தீர்ப்பாயத்தில் வழக்காடிப் பழகியவரைக் கேளுங்கள்.

இவ்வளவு பாராட்டிய பிறகும், ஊன ஓய்வூதியத்துக்கு முதல் படியாக இந்தக் கவுண்டருக்குப் போங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நில, குடும்ப வழக்குகளுக்குத் தயங்காமல் போங்கள். ஓய்வூதியம் என்றால், துறை மேல்முறையீடு முடிந்ததும், அல்லது பதில் வராமல் ஆறு மாதம் கடந்ததும், தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் உங்கள் பெயரிலேயே மனுவைத் தாக்கல் செய்யுங்கள். நேரில் வாதாடச் சட்டம் அனுமதிக்கிறது. மனுப் போட்ட தேதி பதிவான பிறகு இலவச வக்கீலுக்கு விண்ணப்பியுங்கள்; வழக்கின் எந்தக் கட்டத்திலும் கேட்கலாம்.