ஒன்று முடிந்து இன்னொன்றா, ஒரே சமயத்தில் இரண்டா?

ராயபுரத்தில் ஒருவருக்கு ஒரே வருடத்தில் இரண்டு உறவுகள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று முடிந்தபின் அடுத்தது என்றால், புதிதாக ஒட்டிய பால்வினைத் தொற்று பழைய துணைக்குத் திரும்பிப் போக வழியில்லை. இரண்டும் சேர்ந்தே ஓடினால் இரு பக்கமும் போகும். அதுவும் எச்ஐவி தொற்றிய முதல் சில வாரங்களில் ரத்தத்தில் கிருமி மிக அதிகம். பரிசோதனையிலோ சிக்காமல் போகலாம்.

சரி, வரிசையாக என்றாலே பத்திரமா? போன வாரம் ஒருவரைப் பிரிந்து இந்த வாரம் இன்னொருவரோடு சேர்ந்தால் பெரிய வித்தியாசமில்லை. கிளமிடியா என்ற பால்வினைத் தொற்று பலருக்கு அறிகுறியே காட்டாது. என் ஓட்டு இடைவெளிக்குத்தான், ஆனால் சும்மா காத்திருப்பதற்கு அல்ல. ஸ்டான்லி மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் (எச்ஐவி ஆலோசனை, பரிசோதனைப் பிரிவு) எச்ஐவி பரிசோதனை இலவசம். கடைசி உறவுக்கு 90 நாள் கழித்தும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அதுவரை ஆணுறை.