கிரேயான் ஓவியப் பெட்டி வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

கிரேயானை உருக்கி ஓவியம் செய்வதற்கென்றே தயாரித்தது என்ற விளம்பரத்தை நம்பி, இணையக் கடை ஒன்றில் பிள்ளைகளுக்கு ஒரு பெட்டி வாங்கினேன். கேன்வாஸின் மேல் விளிம்பில் கிரேயான்களை வரிசையாக ஒட்டி, அதைச் சாய்த்து நிறுத்தி, ஹேர் டிரையரின் சூடான காற்றைக் காட்டினால் வண்ணங்கள் உருகி வழியும். பெட்டியின் மேலிருந்த படமும் அதைத்தான் காட்டியது. எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்று சண்டை போட்டு முடித்து, இருவரும் ஆசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

ஒரு சொட்டுகூட வழியவில்லை. பெட்டியோடு வந்த பசைதான் முதலில் இளகியது. கிரேயான்கள் ஒவ்வொன்றாகச் சரிந்து முழுசாகவே தரையில் விழுந்தன. சின்னவள் அழுதேவிட்டாள். நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். துளி மெழுகு வரவில்லை. பின்பக்கம் ஒட்டியிருந்த விலைச்சீட்டைப் பிரித்தபோது, அதன் அடியில் பொடி எழுத்தில் ‘பிளாஸ்டிக் கிரேயான்’ என்று இருந்தது. சாதாரணக் கிரேயானில் இருக்கும் பாரஃபின் மெழுகு 60 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டிலேயே உருகிவிடும். பிளாஸ்டிக் கிரேயானுக்கு அந்தச் சூடு போதாது. உருக்குவதற்கென்று அதை விற்பது பச்சை ஏமாற்று வேலை.

பணம் போனதைவிட, விற்றவர் சொன்ன பதில்தான் என்னைக் கொதிக்க வைத்தது. “சூடு போதவில்லை, ஹீட் கன் பயன்படுத்துங்கள்” என்றார். பழைய பெயின்ட்டைச் சுரண்டி எடுக்கப் பயன்படும் கருவி அது. பல ஹீட் கன்களின் காற்று 500 டிகிரியையும் தாண்டும். குழந்தைகள் சுற்றி உட்கார்ந்திருக்கும் இடத்தில் அதைக் கொண்டு பிளாஸ்டிக்கைக் கருக்கச் சொல்கிறார்! அந்தப் புகையை யார் சுவாசிப்பது? பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் மறுத்துவிட்டார், பிரித்த பொருளாம். பிரிக்காமல் உள்ளே இருப்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

வாங்குமுன் ‘மெழுகுக் கிரேயானா?’ என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். கழுவினால் போய்விடும் ரகமும் சரியாக வழியாது. உண்மையில் இதற்குத் தனிப் பெட்டியே தேவையில்லை. சாதாரண மெழுகுக் கிரேயானும் ஒரு கெட்டி அட்டையும் போதும். டிரையரைப் பெரியவர்கள் பிடிக்க வேண்டும். காற்றின் வேகத்தைக் குறைத்து வையுங்கள், இல்லாவிட்டால் உருகிய மெழுகு தெறித்துக் கையைச் சுடும்.

படங்களோடு புகார் கொடுத்திருக்கிறேன். இதை எழுதும்வரை அந்தப் பெட்டி அதே விளம்பரத்தோடு விற்பனையில்தான் இருக்கிறது.