மொனொப்பொலிப் பெட்டி: வாங்க முதல் உறுதிகளை எண்ணுங்கள்

மொனொப்பொலி, காணி வாங்கி வாடகை எடுக்கும் பலகை விளையாட்டு. யாழ்ப்பாண நகரத்துப் புத்தகக்கடைகளில் நிறுவனம் அச்சிட்ட அசல் பெட்டியும் இருக்கும், அதைப் பார்த்து அடித்த மலிவுப் பெட்டியும் இருக்கும். எதை எடுத்தாலும் கடையிலேயே திறந்து எண்ணுங்கள். காணி உறுதி 28: வீதி 22, ரயில் நிலையம் 4, மின்சாரமும் தண்ணீரும் 2. வீடு 32, ஹோட்டல் 12. அதிர்ஷ்டச் சீட்டு இரண்டு வகை, வகைக்கு 16.

வீடு 32ஐ விடக் கூடியிருந்தாலும் பிழைதான். ஒருவர் ஒரே நிறத்து மூன்று வீதியிலும் நாலு நாலு வீடு கட்டி, ஹோட்டலுக்கு மாற்றாமல் விட்டால் 12 வீடு அவரிடமே முடங்கிவிடும். மற்றவரிடம் காசு இருந்தும் கட்ட முடியாது. அந்தத் தட்டுப்பாடுதான் விளையாட்டின் உயிர். உறுதியின் பின்பக்கத்தையும் பாருங்கள். ஈட்டுத் தொகை அங்கேதான் இருக்கவேண்டும். மீட்கும்போது அதற்குமேல் 10 வீதம் கட்டவேண்டும். பின்பக்கம் வெறுமையாக இருந்தால் சண்டை நிச்சயம்.

மலிவுப் பெட்டிகளின் பெரிய குறை விதித்தாள். ஒருவர் வாங்காமல் விட்ட காணி உடனே ஏலத்துக்குப் போகவேண்டும். அந்த வரி விடுபட்டால் காணிகள் கைமாறாமல் கிடக்கும், ஆட்டம் நாலு மணித்தியாலத்துக்கு இழுபடும். தரிப்பிடக் கட்டத்தில் காசு சேர்த்து, வந்து நிற்பவருக்குக் கொடுக்கும் வழக்கமும் அதே கெடுதியைத்தான் செய்யும்: நொடிந்து வெளியேற வேண்டியவர் திரும்ப எழும்பிவிடுவார்.

விதித்தாளில் லிசி மேகியின் பெயர் இல்லாதது இதைவிடப் பெரிய குறை. சுருக்கெழுத்து வேலை பார்த்த அமெரிக்கப் பெண் அவர். 1904இல் ‘நிலக்கிழார் விளையாட்டு’ என்று காப்புரிமை பெற்றார். சுற்றி ஓடும் பாதை, நாலு ரயில் கட்டம், ‘சிறைக்குப் போ’ மூலை, ஒரு சுற்று முடித்தால் 100 டொலர் கூலி எல்லாம் அதிலேயே உண்டு. காணி சிலர் கையில் குவிந்தால் மற்றவர் எப்படி நொடிவார் என்று காட்டத்தான் செய்தார். 1935இல் மொனொப்பொலியை வெளியிட்ட பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் அவருடைய உரிமையை 500 டொலருக்கு வாங்கியது. விற்பனையில் பங்கு கிடையாது. கண்டுபிடிப்பாளர் என்ற பெயரும் வருமானமும், மொனொப்பொலியை அந்த நிறுவனத்துக்கு விற்ற சார்ல்ஸ் டாரோவுக்குப் போயின. அவர் எடுத்தது கைக்குக் கை வந்த பலகை என்பதற்குச் சாட்சி அமெரிக்கப் பதிப்பின் மஞ்சள் வீதியில் நிற்கிறது: உண்மையான ஊர்ப்பெயர் ‘மார்வென் கார்டன்ஸ்’, முன்னையவரின் எழுத்துப்பிழையோடு ‘மார்வின்’ என்று அச்சேறியது. 1970களில் ‘அன்ரி மொனொப்பொலி’ என்ற விளையாட்டைச் செய்த ரால்ஃப் ஆன்ஸ்பாக், அந்தப் பெயருக்காக நடத்திய வழக்கில்தான் மேகியின் பங்கு திரும்ப வெளிச்சத்துக்கு வந்தது.

மேகி பின்பற்றிய அமெரிக்கப் பொருளியலாளர் ஹென்றி ஜோர்ஜின் கொள்கை, நிலத்தின் மதிப்புக்கு மட்டும் வரி என்பது. இதே பெட்டியில் அதை விளையாடிப் பார்க்கலாம். அமெரிக்கப் பதிப்பின் ‘நியூயோர்க் அவெனியூ’ உறுதியில் வெறுங்காணி வாடகை 16, இரண்டு வீட்டுக்கு 220, மூன்றுக்கு 600. மூன்று வீடு நிற்கும்போது 16ஐப் பொதுப்பெட்டியில் போட்டு, மிச்சம் 584ஐ வீடு கட்டியவருக்குக் கொடுங்கள். வழமையான ஆட்டத்திலும் இந்த எண்களை மறக்கவேண்டாம்: காசை மூன்றாவது வீட்டுக்கு ஒதுக்குங்கள், பாய்ச்சல் அங்கேதான்.

பலகை மடிப்பில் துணி ஒட்டியதாகப் பார்த்து எடுங்கள். வெறும் கடதாசி மடிப்பு மாரி ஈரத்தில் பிரிந்துவிடும்.